புது வண்டிக்கு ஒரு நல்ல வார்த்தை

சிப்பாயிடம் யாராவது அபிப்பிராயம் கேட்பார்களா? எழுபத்துமூன்றாம் வருஷம் அந்த அதிசயமும் நடந்தது. படைக்கு வாங்கலாமா என்று பார்க்க ஒரு புது லாரியை அனுப்பியிருந்தார்கள். கஞ்சிக்கோட்டு வெயிலில் ஒரு வாரம், பீர்மேட்டு மலையில் ஒரு வாரம் ஓட்ட வேண்டும். பிறகு ஓட்டுகிறவன், ஏறி இறங்குகிறவன், சுமை தூக்குகிறவன் எல்லாரும் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. கேட்க வேண்டுமா? ஆளாளுக்கு அள்ளி விட்டார்கள்.

பின்கதவு உயரம் அதிகம், குள்ளமானவன் ஏற இன்னொருவன் முதுகு வேண்டும் என்றான் ஒருவன். நாலு மைல் போனால் உட்கார்ந்த இடம் நம்முடையதுதானா என்று தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றான் இன்னொருவன். எழுபத்தொன்றில் சண்டைக்குப் போய் வந்த பழைய வண்டிதான் வண்டி, அது முனகிக்கொண்டாவது போய்ச் சேரும் என்று சத்தியம் செய்தவர்களும் உண்டு. வடக்கத்திய அதிகாரி சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஆனால் அவர் காத்திருந்தது ஹவில்தார் செங்கோட்டையனின் வார்த்தைக்கு. பதினெட்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை. அவர் நல்லது என்றால் நல்லது, அவ்வளவுதான்.

செங்கோட்டையன் எலப்புள்ளிக்காரர், விவசாயக் குடும்பம். சந்தையில் மாடு வாங்கப் போனால் அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சுழி சரியில்லை, நடையில் கோளாறு என்று தெரிந்தாலும் மாட்டின் காதுபடச் சொல்லமாட்டார்கள். தள்ளிப் போய் நின்றுதான் பேசுவார்கள். காதில் விழுந்தால் மாடு மனசொடிந்து போகும், அப்புறம் ஏர் இழுக்காது என்று நம்பிக்கை. அவர் அந்த வழக்கத்தைப் படைக்கும் கொண்டுவந்து லாரிக்கும் பொருத்திவிட்டார். புது வண்டிக்குச் சந்தனம் வைத்ததும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதும் அவர்தான்.

அபிப்பிராயம் கேட்பதற்கு முந்தின நாள், குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயத்துக்கு இறங்கும்போது, எட்டாவது வளைவில் பிரேக் இளகியது. மிதித்தால் சேற்றில் கால் வைத்தது போல உள்ளே போனது. செங்கோட்டையன் கியரைக் குறைத்து, மலையோரமாக உரசிக்கொண்டு போய் ஒரு வழியாக நிறுத்தினார். கூட இருந்த இரண்டாம் டிரைவர் பெரியமுத்து குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, இருபத்துநாலு வயது. சக்கரத்திலிருந்து தீய்ந்த வாடை வந்தது.

"அண்ணே, பிரேக்கே இல்லியேண்ணே. சூடு ஆறுன பெறகுதான் பிடிக்கி. அதிகாரிகிட்ட சொல்லிப்புடுவோம்ணே."

"சொல்லிக்கலாம் உடுடா. வண்டிகிட்ட நின்னுட்டு அதைப் பேசாத."

மறுநாள் காலை அதிகாரி அபிப்பிராயம் கேட்ட இடம் லாரியின் முன்னால். ஒரு கையை வண்டியின் மூக்கிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எஞ்சின் எப்படி, ஸ்டியரிங் எப்படி என்று வரிசையாகக் கேட்டுவிட்டு பிரேக்குக்கு வந்தார். பெரியமுத்து வாயைத் திறந்தான். செங்கோட்டையன் முழங்கையால் அவனை ஒரு இடி இடித்தார்.

"டீக் ஹை, சாப்" என்றார், நன்றாகத்தான் இருக்கிறது என்று.

சாயங்காலம் அதிகாரியின் கூடாரத்துக்குப் போய், வண்டியின் காதில் விழாமல் தனியாகச் சொல்லிவிடலாம் என்பது அவர் கணக்கு. தாளை நீட்டினார்கள், கையெழுத்தும் போட்டார். மத்தியானமே அதிகாரி அந்தத் தாளோடு ஜீப்பில் ஏறிக் கோட்டயம் போய்விட்டார். திரும்பி வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

அடுத்த நாள் முழுச் சுமையோடு அதே மலையில் இறங்க வேண்டும் என்று உத்தரவு. அப்போதாவது இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையெழுத்துப் போட்ட மை காயுமுன்னே மாற்றிப் பேசினால் பதினெட்டு வருஷ மரியாதை என்னாவது? சின்ன கியரில் மெதுவாக இறங்கிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். தன்னைச் சமாதானம் செய்துகொள்ள மனுஷனுக்கு யார் சொல்லித்தர வேண்டும்!

பெரியமுத்து வந்து தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, நாளைக்கி நான் எடுக்கட்டுமா? எங்கம்மா ரோட்டோரத்துலதான் கொழுந்து எடுக்குது. சொல்லி அனுப்பிருக்கேன். மகன் பட்டாள வண்டி ஓட்டுறத ஒரு தடவ பாக்கட்டும்ணே."

செங்கோட்டையன் சரி என்றார். முதல் இரண்டு மைலில் எல்லாம் நன்றாகவே இருந்தது. தோட்டத்தின் ஓரத்தில் கூடையோடு ஒரு அம்மாள் நின்று கையை ஆட்டினாள். பெரியமுத்து ஹாரனை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உடனே ரோட்டைப் பார்த்தான். அதற்கப்புறம் நாலு வளைவு தாண்டித்தான் பிரேக் போனது. கீழ் கியருக்கு மாற்றப் பார்த்தான், விழவில்லை. பின்னால் மணல் மூட்டைகளோடு ஆறு பேர். இடது பக்கம் பள்ளம். "அண்ணே, பிடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை வலது பக்கத்துப் பாறைமேல் திருப்பினான். வலது பக்கம் டிரைவருடைய பக்கம்.

ஆறு பேரும் பிழைத்தார்கள். செங்கோட்டையனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. பெரியமுத்துவை வெளியே எடுக்கக் கடப்பாரை கொண்டுவர வேண்டியிருந்தது.

விசாரணைக்கு வந்தவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அந்தத் தாளை நீட்டினார்கள். "முந்தின நாள் பிரேக் நன்றாக இருந்ததா? இது உன் கையெழுத்துதானே?" செங்கோட்டையன் ஆமாம் என்றார். அந்த ஒரு ஆமாம் போதும், மற்றதை அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

ஏழு மாதம் கழித்து லீவில் எலப்புள்ளிக்கு வந்தார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து அவர் மனைவி மயிலாத்தாள் கேட்டாள்.

"ஏனுங்க, அந்தப் பையன் ஊட்டுக்கு ஒருக்காப் போய்ட்டு வந்தீங்களா?"

"இல்ல."

"பெத்தவ என்ன நெனச்சுட்டு இருக்காளோ. போய்ட்டு வாங்க மொதல்ல."

மறுநாளே பஸ் ஏறினார். பீர்மேட்டில் இறங்கி, விசாரித்துக்கொண்டு போய், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வாசலில் நின்றார். பெரியமுத்துவின் அம்மா மாரித்தாய் அவரை உள்ளே உட்கார வைத்துக் பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று அவர் தடுமாறிக்கொண்டிருக்கையில் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்கதானய்யா அவன் பக்கத்துல இருந்தது? உங்ககிட்டயாவது சொல்லி அழணும்னு இருந்தேன். எம் மவனக் கொன்னது நாந்தான்யா."

செங்கோட்டையனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"கொழுந்தக் கூடப் போட்டுட்டு ஓடியாந்து கையக் காட்டுனேன். ஏலே பெரியமுத்துன்னு கத்துனேன். என்னயப் பாத்துட்டுத்தான ரோட்ட விட்டான்? கவனமில்லாம ஓட்டுனான்னு காயிதம் வந்துருக்கு. கங்காணி படிச்சுச் சொன்னாரு. இந்தக் கையால சோறு திங்கவே பிடிக்கலய்யா."

ஒருவனைச் சாகக் கொடுத்தோம் என்றுதான் ஏழு மாதமாகச் செங்கோட்டையன் நினைத்திருந்தார். இங்கே இன்னொருத்தியும் தினம் தினம் செத்துக்கொண்டிருக்கிறாள், அவர் வாயால் வந்த வினை.

"உங்க மேல குத்தமில்லீங்கம்மா. அவன் மேலயும் இல்லீங்க. உங்களப் பாத்துட்டு நாலு வளைவு ஒழுங்காத்தான் ஓட்டுனான். பிரேக் இல்லாமப் போச்சுங்க. அது ரெண்டு நாள் முன்னாலயே எனக்குத் தெரியும். அவன் சொல்ல வந்தான், நாந்தான் தடுத்துப்போட்டேன். நல்லாருக்குதுன்னு கையெழுத்துப் போட்டது நானுங்க. எங்களயெல்லாம் காப்பாத்தத்தான் அவன் தம் பக்கமாப் பாறையில மோதுனானுங்க."

மாரித்தாய் மடியில் கிடந்த தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏழு மாசம்" என்றாள்.

"அம்மா..."

"இத எங்கிட்ட சொல்ல ஒங்களுக்கு ஏழு மாசமாச்சா?"

உத்தியோகம் போனாலும் சரி, அந்தத் தாளை மாற்றி எழுதச் சொல்கிறேன் என்று மட்டும் அவர் சொன்னார். மாரித்தாய் தலையசைத்தாள். எழுந்து போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி நின்றாள்.

"எழுதுங்க. எழுதி, எம் மவன் பேரச் சுத்தமாக்கிக் காயிதம் அனுப்பச் சொல்லுங்க. சாயா ஆறிப்போச்சு, குடிச்சிட்டுப் போங்க. இனிமே இங்க வராதீங்க."

செங்கோட்டையன் குடித்தார். அவள் கொடுத்ததை மிச்சம் வைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.