ஏர்போர்ட்டில் சொன்னது

சார்ஜர் வயரைச் செருகியதும் ஃபோன் திரை எரிந்தது, கம்பெனிப் பெயரைக் காட்டியது, அணைந்தது. மறுபடி எரிந்து அதே பெயரைக் காட்டியது. வினோலியா அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ராசப்பனைப் பார்த்தாள்.

"அப்டேட் அமுக்குனீங்களா?"

"வந்துச்சுங்க அம்மணி. அமுக்குனேன்."

"அமுக்காதீங்கன்னு அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"சும்மா குடுக்கறத வேண்டாங்கறதுக்கு எனக்கு மனசு வர்றதில்லையே."

சேலம் அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டை ஒட்டி, வினோலியா ஃபோன் ரிப்பேர் பார்க்கும் மாடியறை அது. பக்கத்து அறை பல் டாக்டருடையது. அங்கே இடமில்லாதவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இவள் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ராசப்பன் இந்தப் பெஞ்சில்தான் வந்து உட்கார்ந்து, கால் ரெக்கார்ட் ஆக வேண்டும், இரண்டு பக்கமும் ஆக வேண்டும், ஆகிறது என்று எதிராளிக்குத் தெரியக் கூடாது என்று மூன்று நிபந்தனை போட்டார். புது ஃபோன்களில் ரெக்கார்ட் போட்டால் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் அதை இரண்டு பேருக்கும் அறிவித்துவிடும். அதைக் கேட்டபின் எவனாவது மனசு விட்டு விலை பேசுவானா? வினோலியா கம்பெனி போட்ட பூட்டை உடைத்து, ஃபோனை ரூட் செய்து, உள்ளே முழு அதிகாரத்தையும் அவர் கையில் கொடுத்து அனுப்பினாள்.

ராசப்பன் புதுச்சத்திரத்தில் முட்டை வியாபாரி; வீட்டை ஒட்டிச் சொந்தமாக ஒரு கோழிக் கொட்டகையும் உண்டு. பண்ணைகளில் எடுத்து கேரளாவுக்கு லாரியில் ஏற்றுவார். அந்த வியாபாரம் முழுக்க வாயில் நடக்கிறது. முட்டைக்கு அன்றன்று அறிவிக்கும் விலையில் பண்ணைக்காரன் எத்தனை பைசா குறைத்துத் தருவான் என்பது ஃபோனில் ஒரு சொல், அவ்வளவுதான். காலையில் சொன்ன சொல் சாயங்காலம் வேறாக இருக்கும். ராசப்பனின் ஃபோன் எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்கிறது என்ற செய்தி பரவிய பிறகு அவரிடம் யாரும் சொல் மாறவில்லை. அதனால் ஒரு ரெக்கார்டிங்கைக்கூட அவர் போட்டுக் கேட்க நேரவில்லை. கடிக்காத நாய்க்கு மூன்று வருஷம் சோறு போட்டது மாதிரி, அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

அதில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. யார் பேசும்போதும் கவனிக்க வேண்டியதில்லை. ஃபோன் கவனித்துக்கொள்ளும், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

"இந்த ஃபோன் இனிமே கம்பெனி சாஃப்ட்வேர்ல எந்திரிக்காது. எல்லாத்தையும் அழிச்சுட்டு வெளியாளுங்க செஞ்சத ஏத்தணும். உள்ள என்ன வேணும் உங்களுக்கு?" என்றாள் வினோலியா.

"ரெக்கார்டிங்."

"யாவாரமா?"

"யாவாரந்தான்," என்றார் ராசப்பன், கொஞ்சம் வேகமாக.

அவள் லேப்டாப்போடு ஃபோனை இணைத்தாள். பேக்கப் எடுக்காமல் கை வைத்து ஃபோனில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு அழுதவர்களும் உண்டு, பேக்கப்பை எடுத்து அதே ஃபோனுக்குள் வைத்துவிட்டு எல்லாவற்றையும் அழித்தவர்களும் உண்டு என்றாள்.

"ஊட்டை இடிக்கறவன் சாமானத்த அதே ஊட்டுக்குள்ளயா வெப்பான்?"

"வெக்கறாங்களே. முழு பேக்கப் எடுத்தாக்கூட ரெக்கார்டிங் இருக்கற ஃபோல்டரை அது தொடாது. அத நாந்தான் தனியா எடுக்கணும். பேட்டர்ன் போடுங்க, நான் பாக்கல."

அவர் விரலால் கோடு இழுத்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். லேப்டாப்பில் பச்சைப் பட்டை ஒன்று மெதுவாக நகர ஆரம்பித்தது. பல் டாக்டர் அறையிலிருந்து மெஷின் சத்தம் வந்தது. ராசப்பன் பட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவருக்கு அதில் வேண்டியது ஒரே ஒரு கால்.

போன ஆவணியில் அவர் மனைவி வசந்தாமணி, மகள் தனப்பிரியாவின் பிரசவத்துக்காக ஆஸ்திரேலியா போனாள். பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு மாப்பிள்ளையின் அண்ணன் காரில் கூட்டிப்போனார். ராசப்பனுக்கு அன்றைக்கு லோடு. விமானத்தில் ஏறுவதற்கு முன் வசந்தாமணி கூப்பிட்டாள். எப்போதும் அரிசி, கேஸ் என்று நான்கு வார்த்தையில் முடிப்பவள் அன்றைக்கு நிறையப் பேசினாள். அவர் காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கிக்கொண்டு முட்டைத் தட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆறு மாசத்துக்கு என்று போனவள், குழந்தைக்குப் பல் முளைக்கட்டும், தனப்பிரியா மறுபடி வேலைக்குச் சேரட்டும் என்று தங்கிவிட்டாள். பொங்கலுக்கு முன்னால் ஃபோன் இப்படி எரிந்து எரிந்து அணைய ஆரம்பித்ததும் ராசப்பன் அதை பீரோவில் போட்டுவிட்டு வேறொன்று வாங்கிக்கொண்டார். இரண்டு வாரத்துக்கு முன்னால் வீடியோ காலில் குழந்தையைக் காட்டிக்கொண்டே அவள் கேட்டாள்: "ஏனுங்க, ஏர்போர்ட்ல நான் கேட்டனே, யோசிச்சீங்களா?"

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வியாபாரி அன்றைக்கே கடையைச் சாத்த வேண்டியதுதான். "யோசிச்சுட்டேதான் இருக்கறேன்," என்றார்.

"நான் ஒண்ணும் அவசரப்படுத்தலீங்க." அடுத்த வாரம் அவசரப்படுத்தினாள். "இவங்க டிக்கெட்டு பத்திக் கேக்கறாங்க. ஞாயித்துக்கெழமை ஒரு முடிவு சொல்லிப் போடுங்க."

என்ன கேட்டிருப்பாள்? கோழிக் கொட்டகையை விற்றுவிட்டு இவரும் அங்கே போவதா? அவள் அங்கேயே இருந்துவிடுவதா? திரும்பி வந்தால் சேலத்தில் வீடு பார்ப்பதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தார். எதை எடுத்து நீட்டுவது என்று தெரியவில்லை. மகளிடம் கேட்கலாம், ஆனால் அது வசந்தாமணி காதுக்கு உடனே போய்விடும்.

வேலை முடிந்து ஃபோன் முகம் தெரியாத ஆள் மாதிரி எழுந்தது. எழுத்து வேறு, நிறம் வேறு. பழைய பெயர்கள், ரெக்கார்டிங்குகள் எல்லாவற்றையும் வினோலியா உள்ளே திருப்பி வைத்திருந்தாள்.

"போட்டுக் காட்டட்டுமா?"

"வேண்டாம் வேண்டாம். ஊட்டுல போயிக் கேட்டுக்கறேன்." சொன்ன கூலியில் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுத்தார். குறைக்காவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

வீடு அவர் விட்டுப்போனபடியே இருந்தது. விட்டுப்போனதை எடுத்து வைக்க ஆள் இல்லாத வீட்டில் அப்படித்தான் இருக்கும், இதை அவர் கவனிக்கவே ரொம்ப நாள் ஆயிற்று. கொசுவலையில் தான் படுக்கும் பக்கத்துக் கயிற்றை மட்டும் அவிழ்த்துக் கட்டுவார். வாசலில் நிற்கும் வசந்தாமணியின் ஸ்கூட்டியை வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து, பேட்டரி இறங்காமல் இருக்க உறுமவிட்டு, அணைப்பார். ஏறி ஓட்டியதில்லை. சாயங்காலம் விலை அறிவிக்கும்வரை ஃபோன் ஓயாது. அறிவித்து, பேரம் பேசி, லோடு முடிந்துவிட்டால் அப்புறம் அவரை யாருக்கும் தேவையில்லை.

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஆவணி மாசத்து ரெக்கார்டிங்குகளைத் தள்ளிக்கொண்டே போனார். வசந்தாமணி பெயருக்கு எதிரே நீளமான ஒன்று இருந்தது. அமுக்கினார்.

"சொல்லு," என்றது அவர் குரல்.

பிறகு ஒன்றுமில்லை. தட்டு வைக்கும் சத்தம் மட்டும். "ம்." மறுபடி ஒன்றுமில்லை. "ம். டேய், அந்த ஒடைஞ்ச தட்டத் தனியா வை." ஒன்றுமில்லை. "ம். ம்." அதற்குப்பிறகு இருந்த இடைவெளியில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்து முடித்தது. அவ்வளவு நேரம் அவள் என்னமோ சொல்லியிருக்கிறாள். அதன் முடிவில், ரெக்கார்டிங்கில், ராசப்பன் சிரித்தார். நல்ல சிரிப்பு, வயிற்றிலிருந்து வந்தது. அவள் சொன்னதற்கா, லோடு ஏற்றுகிறவன் செய்த எதற்கோவா, தெரியவில்லை. "பாக்கலாம், பாக்கலாம். சரி, வை."

மறுபடி போட்டார். சத்தத்தைக் கூட்டினார். வினோலியாவைக் கூப்பிட்டார்.

"அம்மணி, பாதிச் சரக்குதான் வந்திருக்குது. நான் பேசறது இருக்குது, எதிர்ல பேசறது இல்ல."

"எந்தத் தேதி?"

சொன்னார்.

"அதுக்கு முன்னாடியே ஒரு அப்டேட் அமுக்கியிருப்பீங்க. அதுல நான் போட்ட ரூட் போயிருக்கும். ரெக்கார்டர் நிக்காம ஓடும், ஆனா உங்க வாய்கிட்ட இருக்கற மைக்குல கேக்கறத மட்டும் புடிக்கும். ஆவணிக்கு அப்புறம் எல்லாமே அப்படித்தான் இருக்கும், போட்டுப் பாருங்க."

"இன்னொரு தடவ ரெஸ்டோர் பண்ணுனா?"

"இருந்தாத்தானேண்ணா ரெஸ்டோர் பண்ண. அது பதிவே ஆகல." பிறகு, "யாவாரத்துல பெரிய நஷ்டங்களா?" என்றாள்.

"ம்," என்றார்.

அப்புறம் மற்றதையும் போட்டுப் பார்த்தார். ஆவணிக்கு முன்னால் இரண்டு பக்கமும் இருந்த காலத்தில் அவள் கூப்பிட்டவை. "ஏனுங்க, சாப்பிட்டீங்களா?" "ம்." "இன்னைக்கு என்னாச்சு தெரியுங்களா?" "லோடு நிக்குது, வை." எல்லாவற்றிலும் 'வை' இருந்தது. இவர் நினைத்திருந்த அளவுக்கு அவள் சுருக்கமாகப் பேசுகிறவள் இல்லை. ஒவ்வொன்றிலும் என்னமோ தொடங்கியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சவரம் செய்து முடித்து வீடியோ காலுக்கு உட்கார்ந்தார். அங்கே அப்போது சாயங்காலம். வசந்தாமணியின் முகம் வந்தது. பின்னால் சமையலறை. ஸ்வெட்டர் போட்டிருந்தாள். எப்போது வாங்கியது என்று தெரியவில்லை.

"சொல்லுங்க," என்றாள்.

ராசப்பன் இரண்டு நாளாகத் தேய்த்துத் தயாரித்து வைத்திருந்த பதிலை எடுத்தார். எந்தக் கேள்வியானாலும் பொருந்துகிற பதில். "ரொம்ப யோசிச்சேன் புள்ள. உன்ற இஷ்டப்படியே ஆகட்டும்."

அவள் அவரையே பார்த்தாள். முப்பது வருஷம் ஒரு வியாபாரியின் வீட்டில் இருந்தவள்.

"எதுங்க?" என்றாள்.

கொட்டகையில் கோழிகள் ஒரே சீராகக் கத்திக்கொண்டிருந்தன. ராசப்பன் வாயைத் திறந்தார். அவரிடம் இருந்தவை மூன்று பதில்கள், ஒரு சிரிப்பு, நிறைய 'ம்'.

"அன்னைக்கு…" என்று ஆரம்பித்தார். "லோடு ஏத்திட்டு இருந்தேன்."

"தெரியுங்க. தட்டு எண்ற சத்தம் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் சொன்ன?"

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளே குழந்தை அழுதது. "வெச்சுப் போடாதீங்க, வாரேன்," என்று ஃபோனை எங்கேயோ படுக்க வைத்துவிட்டுப் போனாள். திரையில் வெள்ளைக் கூரையும் அதில் வட்டமாக ஒரு விளக்கும் தெரிந்தன. தூரத்தில் அவள் குழந்தையிடம் பேசுவது கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை.

ராசப்பன் எழுந்து ஃபேனை அணைத்தார். அவள் பேச்சு கேட்க அது போதவில்லை. கொட்டகைச் சத்தம் இல்லாத இடமாகப் பார்த்து வெளியே இறங்கி, அறுத்துவிட்ட சோளக்காட்டுக்குள் நடந்தார். நிரம்பிய பால் குண்டானைத் தூக்கிப்போகிற மாதிரி இரண்டு கையிலும் ஃபோனை ஏந்தியிருந்தார். திரையில் கூரை அதே கூரையாக இருந்தது. மேல் மூலையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. வெயிலில் திரை மங்க, வேட்டியை இழுத்து அதற்கு நிழல் பிடித்துக்கொண்டு, வாயை மூடி நின்றார்.