குளோரின் மணக்கும் கீரை

கைலாஹுன் பக்கம் எபோலா ஓய்ந்து, கூட்டம் கூடத் தடையும் நீங்கிய பிறகுதான் பைந்துவால் அதில் செத்துப்போன தன் புருஷன் லஹாய்க்கும் மகளுக்கும் நாற்பதாம் நாள் சோறு ஆக்க முடிந்தது. நாற்பது எப்போதோ கடந்திருந்தது. அதே நோயில் படுத்து அவள் மட்டும் எழுந்து வந்தாள். அழுகையைச் சிகிச்சைக் கூடாரத்திலேயே விட்டுவிட்டு வந்தாளோ என்னவோ, அது வரவே இல்லை.

முற்றத்தில் ஒரே தாம்பாளத்தில் எல்லாரும் கை போட்டுச் சாப்பிடும் வீடு அது. திரும்பி வந்த நாளிலிருந்து அவளுக்கு மட்டும் தனிக் கிண்ணம், மூடி போட்டு, வாசலில். ஒருவரும் கடிந்து பேசவில்லை. அந்த வீட்டில் நாய்க்குக்கூடத் திட்டு விழும், அவளுக்கு விழாது. அப்படியொரு மரியாதை!

இன்று தன் சோற்றை யாரும் தொடாவிட்டால் சாயங்கால வண்டியில் தாய்வீட்டுக்குப் போய்விடுவதென்று மூட்டை கட்டியிருந்தாள். அதிலும் வருத்தம் ஏதும் தோன்றவில்லை.

மரவள்ளிக் கீரையை இடித்து, பனை எண்ணெயும் புகைபோட்ட மீனும் சேர்த்துக் கொதிக்கவைத்து, சோற்றின்மேல் ஊற்றி நடுவில் வைத்தாள்.

"எனக்கு வயிறு சரியில்ல" என்றான் கொழுந்தன்.

"இப்பதான் சாப்ட்டேன்" என்றாள் அவன் மனைவி. ஈக்கள் மட்டும் கூச்சப்படாமல் வந்து உட்கார்ந்தன.

பைந்து மூட்டையை எடுக்க எழுந்தபோது லஹாயின் அக்கா ஜெபே வந்து சேர்ந்தாள்.

"என் தம்பி சோறு ஆறிக் கெடக்கு, வேடிக்கை பாக்குறீங்களா? தள்ளு!"

ஒரு கவளம் அள்ளி வாயில் போட்டாள். முகம் கோணிற்று.

"தூ! ஏண்டி, கீரைய எதுல கழுவுன?"

"வாளியிலக்கா."

"எந்த வாளி?"

பைந்து வாசலைப் பார்த்தாள். கை கழுவ வைத்திருந்த குளோரின் வாளி. கூடாரத்தில் பழகிய கை தானாக அதை எடுத்திருக்கிறது. அவள் மூக்குக்கு எந்தத் தண்ணீரும் அந்த வாடைதான்.

"எபோலாவுக்குத் தப்புனவங்கள இவ கொழம்புல கொல்லப் பாக்குறா! லஹாய் இருந்திருந்தா தாம்பாளத்த உன் தலையில கவுத்திருப்பான்டி!"

கொழுந்தன் சிரித்துவிட்டான். ஜெபே கீரையை ஒதுக்கி, அடிச்சோற்றை அள்ளி விழுங்கினாள். பிறகு ஒரு மீன் துண்டைத் தாம்பாளத்தின் எதிர்ப்பக்கம் தள்ளினாள்.

"உக்காரு. ஆக்குனவளும் தின்னு பாக்கணும்ல?"

பைந்து உட்கார்ந்து, ஜெபேயின் விரல் பட்ட மீனை எடுத்து வாயில் வைத்தாள். கசந்தது. இத்தனை மாதத்தில் அவள் நாக்குக்கு முதன்முதலாகத் தெரிந்த ருசி அது.

"சகிக்கலக்கா" என்றாள். அதற்குள் கண்ணீர் மூக்குவரை வழிந்திருந்தது.