சம்பந்தி வந்த வேளை

ஆறு வருஷத்துக்கு முன்னால், தொண்ணூறில், மெட்ராசில் வைத்து நாகசுப்பிரமணியனின் நெஞ்சைப் பிளந்து, காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயை இதயத்தில் வைத்துத் தைத்தார்கள். அந்தக் குழாய்களில் ஒன்று இப்போது அடைத்துக்கொண்டது. மறுபடியும் கத்தியா என்று அவர் மனைவி காளீஸ்வரி அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள்.

பெரிய டாக்டரோ, வெட்டவே வேண்டாம், தொடையில் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் ஊசி குத்தி, அதன் வழியாக மெல்லிய குழாயை விட்டு, பலூன் ஊதி அடைப்பை விலக்கிவிடலாம் என்றார். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மனுஷன் பேசிக்கொண்டே வெளியே வந்தார். தொடையில் ஒரு கட்டு, அதன்மேல் ஒரு மணல் பை. இவ்வளவுதானா என்று அவளுக்குச் சப்பென்றாகிவிட்டது.

ஆறு மணி நேரம் எழுந்திருக்கவே கூடாது, காலை மடக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. போன தடவை அத்தனை பெரிய தையலோடு எழுந்து நட, நட என்று விரட்டினார்களே! தையலே இல்லாத காயத்துக்கு என்ன இவ்வளவு பத்தியம்?

மத்தியானம் பாலவனத்தத்திலிருந்து சம்பந்தி பால்சாமி பழப்பையோடு வந்து நின்றார். மகளைக் கட்டிக்கொடுத்து மூன்று மாதம்தான் ஆகிறது. மாப்பிள்ளையின் அப்பா நிற்க, பெண்ணைப் பெற்றவர் மல்லாந்து கிடப்பதா? காளீஸ்வரிக்கு உடம்பே கூசியது.

"ஏங்க, சம்பந்தி வந்திருக்காக. எந்திரிச்சு உக்காருங்க."

அவர் தயங்கினார். அவள் கண்ணை உருட்டினாள். மணல் பையைத் தூக்கிக் கீழே வைத்து, முதுகுக்குக் கை கொடுத்ததும் அவள்தான். அவர் உட்கார்ந்து கும்பிட்டார். எதுக்கு இதெல்லாம், படுங்க என்று பால்சாமி சொல்லி முடிப்பதற்குள் போர்வை சிவந்துவிட்டது. ரத்தம் மெத்தையை நனைத்துத் தரையில் சொட்டியது. இத்தனூண்டு ஓட்டையிலிருந்தா இவ்வளவும்? பால்சாமி நர்ஸைக் கூப்பிட ஓடினார்.

நர்ஸ் வந்து அவரைப் படுக்கத் தள்ளி, கட்டிலில் ஏறி, இரண்டு கையாலும் தொடையை அழுத்தினாள். டாக்டர் ஓடி வந்தார், பாட்டில் ஏற்றினார்கள். அரைமணி நேரம் அந்தப் பெண் கையை எடுக்கவில்லை. ரத்தம் ஒருவழியாக நின்றது. எழுந்திருக்கச் சொன்னது யார் என்று அப்போதுதான் கேட்டாள்.

"நானாத்தாம்மா எந்திரிச்சேன்," என்றார் நாகசுப்பிரமணியன். சுண்ணாம்பாய் வெளுத்த முகத்தில் உதடு மட்டும் அசைந்தது.

பால்சாமி தலையைக் குனிந்துகொண்டார். காளீஸ்வரி சம்பந்தி முன்னாலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

"பொய் சொல்றாக. நாந்தான் எந்திரிக்க வச்சேன். இவுக முன்னாடி மருவாதி போயிருமேன்னு, புருசன் உசுர எடுக்கப் பாத்தேன்."