செவ்வாய்க்கிழமையின் இரண்டாவது பாட்டு

அமெரிக்காவின் டொலீடோ நகரில் ‘லேக் ராக்’ வானொலிக்குச் செவ்வாய்க்கிழமை என்றால் ஒரு வழக்கம். அன்று எந்தக் குழுவின் பாட்டைப் போட்டாலும் ஒன்றோடு நிறுத்தமாட்டார்கள். அடுத்ததாக அதே குழுவின் இன்னொரு பாட்டையும் போடுவார்கள். கண்ணாடித் தொழிற்சாலையின் தளத்தில் காலை முறைக்காரர்கள் அந்த ஒரு நாளுக்காகவே வாரம் முழுவதும் காத்திருப்பார்கள். அவரவர் குழு வந்தால் அவரவருக்குத் திருவிழா. அங்கே வேலை செய்த வெர்னா ஸ்டாப்கோவுக்குப் பிடித்த குழு மட்டும் வந்ததே இல்லை.

அவளுடைய குழு ‘ரூபி ஹாட்செட்’. இதே டொலீடோவில் பிறந்து, இதே ஊரின் பனிச்சறுக்கு அரங்கில் முதல் மேடை ஏறிய நான்கு பெண்கள். புதன்கிழமை அவர்கள் பாட்டு ஒன்று வரும், வெள்ளிக்கிழமையும் வரும். செவ்வாயன்று வராது. இடைவேளைதோறும் சுவர்த் தொலைபேசியில் வெர்னா கேட்டுப் பார்த்தாள். “பார்க்கலாம்மா” என்பார்கள். பார்த்ததில்லை.

அந்தக் குழுவிடம் அவள் கண்டது என்ன? அழகா? அவர்கள் மேடைக்கு வந்தது வேலைக்குப் போகிற சட்டையில். வேகமா? அவர்களைவிட வேகமாக வாசித்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவள் கண்டது நிதானம். டிரம் வாசித்த பெண் ஒவ்வோர் அடியையும் மயிரிழை தாமதித்துத்தான் போடுவாள். கேட்பவன் உடம்பு முன்னே சாய்ந்து காத்திருக்கும். காத்திருந்த இடத்தில் அடி வந்து விழும். கெஞ்சாத, அவசரப்படாத, யாரிடமும் இடம் கேட்காத தாளம் அது.

அந்தத் தாளத்தில்தான் வெர்னாவும் அவள் தோழி மார்லீனும் வேலை கற்றார்கள். சூளையிலிருந்து வளைந்து வரும் கார் முன்கண்ணாடியை இருவர் எதிரெதிரே நின்று ஒரே மூச்சில் தூக்கி இரும்புத் தாங்கியில் நிறுத்த வேண்டும். ஒரு கை முந்தினால் கண்ணாடி போச்சு. அந்தத் தளத்திற்கு முதன்முதலாக வந்த பெண்கள் அவர்கள் இருவரும்தான். ஒரு வாரம் தாங்கமாட்டார்கள் என்றார்கள் ஆண்கள். இருவரும் ‘சாம்பல் பாலம்’ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார்கள். அடி விழும் இடத்தில் கண்ணாடி எழுந்தது. தாங்கமாட்டார்கள் என்று சொன்னவர்களில் பாதிப் பேர் இன்று வேலையில் இல்லை.

இப்போது மார்லீனின் முதுகு போய்விட்டது. அரிசோனாவில் மகள் வீட்டுக்குப் போகிறாள். வருகிற செவ்வாய்தான் கடைசி வேலைநாள்.

“எனக்குக் கேக்கு வேணாம்டி, பூங்கொத்தும் வேணாம்,” என்றாள். “போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை நம்ம பாட்டை ரேடியோவுல முழுசா கேட்டுடணும்.”

‘முழுசா’ என்றதில் பொருள் இருந்தது. இசைத்தட்டில் ‘சாம்பல் பாலம்’ முடிவதே இல்லை. கடைசியில் கிட்டார் ஒரே சுரத்தில் நின்று நீளும். அது நீளும்போதே டிரம் நுழைந்து, ‘மறுகரை’ என்ற அடுத்த பாட்டு பிறந்துவிடும். இரண்டும் ஓருடல். வானொலியோ அந்த நீண்ட சுரத்திலேயே ஒலியைக் குறைத்து விளம்பரத்துக்குப் போய்விடும். பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து ‘இறங்கு’ என்பது போல.

“வீட்டுல கேசட் இருக்குல்ல, போட்டுக் கேக்க வேண்டியதுதானே?” என்றான் கூட வேலை செய்யும் டுவேன். தளத்து வானொலிப் பெட்டி அவன் பக்கத்துத் தூணில்தான் தொங்கியது. திருகும் உரிமையும் அவனுடையதே.

“கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். ஊரு கேக்கணும்னு சொல்றோம்,” என்றாள் வெர்னா.

“ஊரு கேக்குறதைத்தான் அவன் ரெண்டு ரெண்டா போடுறான். உங்க பாட்டு ஒத்தையா வர்றதே பெரிய விஷயம். ரெண்டு வரணும்னா கிளாசிக்கா இருக்கணும், சும்மாவா?”

“உன் மீசைக்கார குழு பாட்டு மறந்து ‘ஓ ஓ’ன்னு ஊளையிடுமே, அது கிளாசிக்கா?”

“அது ஊளை இல்லம்மா, உணர்ச்சி.”

தளம் சிரித்தது. வெர்னா சிரிக்கவில்லை. வீட்டில் கேட்பது விருப்பம். வானொலியில் கேட்பது அங்கீகாரம். அதை மார்லீன் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும் என்பதே அவள் கணக்கு.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் இசைத்தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் நிலையத்துக்கே போனாள். பாட்டுகளைத் தீர்மானிக்கும் ஹாலிஸ்டர் முன்கூடத்துக்கு வந்தார். நல்ல மனிதர், காபி கொடுத்தார்.

“நாளைக்கு எங்க தோழி மார்லீனுக்கு வேலையில கடைசி நாள் சார். ரெண்டு பாட்டையும் சேர்த்துப் போடணும். உங்ககிட்ட தட்டு இல்லேன்னா இதோ இருக்கு.”

“தட்டு இல்லாம இல்லம்மா. அது நடக்காது.” அவர் குரலில் கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை. “ரெண்டு பொம்பளைக் குரல அடுத்தடுத்து போடுறதில்லை. நான் கண்டுபிடிச்சது இல்ல, நான் தொழிலுக்கு வந்த நாள்லேருந்து இதுதான். ஒண்ணு போட்டா கேப்பான். ரெண்டாவது வந்தா ஆம்பளை கை ரேடியோ குமிழுக்குப் போயிடும், வேற நிலையத்துக்கு மாத்திடுவான்.”

வெர்னாவுக்கு அப்போதுதான் புரிந்தது. செவ்வாய்க்கிழமை என்றால் இரண்டு பாட்டு. பெண் குரல் என்றால் ஒன்றே ஒன்று. இரண்டு வழக்கங்களுக்கும் நடுவே நான்கு பெண்கள் நசுங்கிக் கிடந்தார்கள். யாரும் அவர்களை வெறுக்கவில்லை. யாரும் அவர்களைத் தடுத்ததாகவும் நினைக்கவில்லை.

“ஆம்பளைக் குரல் நாள் பூரா அடுத்தடுத்து வருதே சார். எங்க கை குமிழுக்குப் போச்சா?”

“நீங்க கேப்பீங்கம்மா. நீங்க எப்பவும் கேப்பீங்க.”

“கேட்டோம். சமைக்கும்போது கேட்டோம், கண்ணாடி தூக்கும்போது கேட்டோம். பொறுத்துக்கிட்டவங்களுக்குப் பாதிப் பாட்டு, பொறுக்காதவனுக்கு ரெண்டு பாட்டு. இது இசையா சார்? இல்ல, ஆம்பளைக்கு இடைஞ்சலா இருந்தா எழுந்திருன்னு சொல்ற பஸ்ஸா?”

ஹாலிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒலிபரப்பு அறைக் கதவருகே அறிவிப்பாளர் கெயில் கோப்பையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நிலையத்தில் ஒரே பெண் குரல் அவளுடையது. அவளுக்கு முன்னும் ஆண், பின்னும் ஆண். அதுவும் அதே வழக்கந்தான்.

“தட்டை இங்கயே வெச்சிட்டுப் போறேன்,” என்று வெர்னா மேசைமேல் வைத்தாள். “போடாட்டியும் பரவால்ல, பார்த்துக்கிட்டாவது இருங்க.”

செவ்வாய் விடிந்தது. மார்லீன் முதுகுப்பட்டையை இறுக்கிக்கொண்டு வந்தாள். வழக்கமான குழுக்கள் வந்தன, இரண்டிரண்டாக. டுவேனின் மீசைக்காரர்கள் இருமுறை ஊளையிட்டுப் போனார்கள். மதிய உணவுக்குப் பின் கெயிலின் நேரம். வெர்னா மார்லீனின் கண்ணைப் பார்க்கவில்லை.

அப்போது ‘சாம்பல் பாலம்’ தொடங்கியது.

மார்லீனின் வாய் அசைந்தது. அடி விழுந்தது, கண்ணாடி எழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. பாட்டு இறுதிக்கு வந்தது. கிட்டார் அந்த ஒற்றைச் சுரத்தில் நின்று நீண்டது. வெர்னாவின் தோள் தானாகவே தளர்ந்தது, கதவு திறந்து ‘இறங்கு’ என்னும் இடத்துக்காக.

சுரம் நீண்டது. ஒலி குறையவில்லை. டிரம் நுழைந்தது.

“மறுகரை!” என்று கத்தினாள் மார்லீன். கண்ணாடி கையில் இருந்ததால் கத்த மட்டுமே முடிந்தது.

வெர்னா டுவேனின் கையைப் பார்த்தாள். இரண்டாவது பாட்டு வந்தால் ஊரெங்கும் குமிழுக்குப் போகும் என்றார்களே, அந்தக் கையை. அது கண்ணாடியின் அடியில் இருந்தது. கண்ணாடி தாங்கிக்குப் போயிற்று, கை வெறுமையாயிற்று, அடுத்த கண்ணாடிக்கு நீண்டது. வானொலியின் குமிழ் அவன் தலைக்குமேல் சும்மா இருந்தது.

பாட்டு முடிந்ததும் கெயிலின் குரல் வந்தது. “ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. ஒரு பாட்டு முடிஞ்சதும் தட்டு மேலேருந்து முள்ளை எடுக்கணும். எடுக்க மறந்துட்டேன். எனக்கு மறதி ஜாஸ்தி, இனிமேலும் மறக்கலாம். மார்லீன், நல்லபடியா போயிட்டு வாங்க.”

மார்லீன் கையுறையால் முகத்தைத் துடைத்து, முகமெல்லாம் கண்ணாடித் தூளின் வெண்மையைப் பூசிக்கொண்டாள்.

“என் ரெண்டு கையும் வேலையில இருந்துச்சு,” என்றான் டுவேன். “இல்லேன்னா மாத்தியிருப்பேன்.”

“நடு நடுவுல சும்மா இருந்துச்சே, பார்த்தேன்,” என்றாள் மார்லீன். “பொய் சொன்னாலும் பொருத்தமா சொல்லுடா.”

அடுத்த வாரம் கெயிலின் குரல் பகலில் இல்லை; ஞாயிறு அதிகாலைக்கு மாற்றிவிட்டார்களாம். செவ்வாயன்று ரூபி ஹாட்செட் வரவில்லை. இப்போது வெர்னாவுக்கு எதிரே நின்றவன் டுவேன். அவன் கை முந்திக்கொண்டே இருந்தது. வெர்னா தாளத்தை முணுமுணுத்து அவனை நிறுத்தி நிறுத்திப் பழக்கினாள்.

வியாழனன்று ‘சாம்பல் பாலம்’ வந்தது. பாட்டு நீள நீள டுவேனின் கை நிதானத்துக்கு வந்தது. கடைசிச் சுரம் நின்றது. கண்ணாடி இருவர் கையிலும் பாதி உயரத்தில் நின்றது. அடிக்காக இருவரும் காத்திருந்தார்கள். ஒலி தேய்ந்தது. மெத்தைக் கடை விளம்பரம் வந்தது.

டுவேன் அப்படியே நின்றான்.

“மீதி எங்க?”

“அவ்வளவுதான் போடுவாங்க.”

“அதெப்படி? கையில கண்ணாடியோட நிக்கறேன் நான்!”

அவன் கண்ணாடியைத் தாங்கியில் நிறுத்திவிட்டுக் கையுறையைக் கழற்றினான். சூளைப் பக்கம் மணி அடித்தது, யாரோ அவன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். அவன் திரும்பவில்லை. சுவர்த் தொலைபேசியை எடுத்து, “நம்பரைச் சொல்லு வெர்னா,” என்றான்.

வெர்னா சொன்னாள். அவளுக்கு அது மனப்பாடம்.