போன கொடியேற்றத்திலிருந்து

"ஒரு மாசந்தான் ஆவுது, டாக்டரம்மா" என்று கூசாமல் பொய் சொன்னாள் இஞ்ஞாசியம்மாள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் அது. வண்ணார்பேட்டையில் மனநோய்க்குப் பார்க்கும் டாக்டர் ராஜராஜேஸ்வரி பேனாவைக் கீழே வைத்தார். "இத ரத்தம் எடுத்தோ, படம் புடிச்சோ கண்டுபிடிக்க முடியாதும்மா. நீங்க சொல்லுததுதான் சோதனை. ஒரு மாசம்னா ஒரு பேரு. ஆறு மாசம் தாண்டிட்டா மனச்சிதைவு. மாத்திரை சாப்பிடுத காலமும் மாறும்."

மகன் மார்ட்டினுக்குக் குரல் கேட்க ஆரம்பித்தது போன வருஷம் கோயில் கொடியேற்றத்தன்று. பதினோரு மாதம். அதை அவள் ஏன் மறைத்தாள் என்றால் சிரிப்பீர்கள். கடலுக்குப் போன புருஷன் கபிரியேல் நாலு வருஷமாகக் கரை திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுவர்த்தி கொளுத்த, இவளுக்குக் கொளுத்த ஒரு கல்லறை இல்லை. அப்படிப்பட்டவளிடம் மகன், காதில் யாரோ பேசுகிறார்கள் என்றால், வேறு யாராக இருக்கும்? தினமும் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா என்னக் கேட்டாவளா லே?" என்பாள். "இடுப்புவலி எப்படி இருக்குன்னு கேட்டாவம்மா" என்பான். அந்த ஒரு வார்த்தைக்காகப் பகல் முழுக்கக் காத்துக் கிடப்பாள். கொஞ்ச நாள் நோய் என்றால் மாத்திரையும் கொஞ்ச நாளோடு நின்றுவிடும்; காலமெல்லாம் கொடுத்தால் அந்த மனுஷன் வாயும் அடைத்துப் போகுமே!

டாக்டர் மார்ட்டினிடம் திரும்பினார். "குரல் ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு ஆம்பளைங்க. என்னப் பத்தியே பேசுதானுவ. 'சட்ட போடுதான் பாரு'ம்பான் ஒருத்தன். மத்தவன், 'கடல்ல எறங்கிச் சாவுலே'ம்பான்."

"அப்பா பேசுதாருன்னு அம்மா சொன்னாவளே, அதுல ஒருத்தர் அப்பாவா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அப்பா கொரலு ஒருநாளும் கேட்டதில்ல. கேக்கலன்னு சொன்னா அம்மா அழுவாவ. அதான் நானாச் சொன்னேன்."

இஞ்ஞாசியம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. இவள் புருஷனோடு பேசிக்கொண்டிருந்த மாதமெல்லாம் பிள்ளை அந்த இரண்டு பாவிகளிடம் தனியாகச் சிக்கிக் கிடந்திருக்கிறான்.

"பொய் சொல்லிட்டேன் டாக்டரம்மா" என்றாள். "போன கொடியேத்தத்துலருந்து. பதினோரு மாசம்."

திசையன்விளை பஸ் பிடித்து, அங்கிருந்து ஊர் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. வழக்கமாக அவள் கேட்கும் நேரம். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு முதல் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். மார்ட்டின் அவள் முகத்தையே பார்த்தான்.

"அம்மா, நீ சாப்பிட்டியான்னு அப்பா கேக்காவ."

பொய்யென்று தெரிந்தும் மனசு ஒரு நொடி துள்ளியது.

"சாப்பிட்டேன்னு சொல்லு" என்றாள். "இனிமே கேக்க வேண்டாம்னும் சொல்லு. நீ மாத்திரயப் போடு, மக்கா."