பாதி டேங்க் தண்ணீர்

பெண் குழந்தை பிறந்தால் பௌர்ணமிதோறும் கிரிவலம் வருகிறவர்களுக்குத் தன் கிணற்றுத் தண்ணீரைக் கொடுப்பதாகப் பரசுராமன் நேர்ந்துகொண்டு இருபத்தேழு வருஷம் ஆகிறது. ஆயிரம் லிட்டர் டேங்க் ஏற்றிய டிரெய்லரைக் கீழ்பென்னாத்தூரிலிருந்து அடி அண்ணாமலை வரை அவருடைய ஜீப்தான் இழுத்துக்கொண்டு போகும். அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் கவிநிலாவுக்கு ஜீப்பின் மேல்கம்பியில்தான் சேலை ஏணை. அவர் மனைவி ரேணுகாம்பாள் வழி நெடுக அதை ஆட்டிக்கொண்டே வருவாள். இப்போதும் ஜீப்பில் ஏறினால் அவர் கை முதலில் அந்தக் கம்பியைத்தான் தொடும்.

இந்த மாதம் மெக்கானிக் சுப்பிரமணி ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். "சேசிஸ் துருவேறிப் போச்சுண்ணே. இனிமே இதுல எதையும் இழுக்காதீங்க."

பௌர்ணமிக்குச் சென்னையிலிருந்து கவிநிலா தன் புது வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஒரு ரூம் அளவுக்கு இருந்தது. பின்னால் கொக்கியும் மாட்டியிருந்தாள். வண்டியோடு வந்த புத்தகத்தையும் படித்திருந்தாள்.

"பிரேக் இல்லாத டிரெய்லர்னா, அதோட எடையும் சேத்து எழுநூத்தம்பது கிலோக்கு மேல கூடாதாம்பா. பாதி டேங்க் ரொப்பினா போதும்."

இத்தனை பெரிய உடம்புக்குப் பாதிதானா என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதி டேங்க் தண்ணீர் அலைபாய்ந்து டிரெய்லரை ஆட்டும் என்பதை ஜீப்பின் முதல் வருஷத்திலேயே பட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. புது வண்டியின் பவிசும் தெரியட்டும் என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

திருவண்ணாமலைக்கு முன்னால் ஒரு வளைவில் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடியது. வண்டியின் பின்பக்கத்தையே இழுத்தது. மகளின் கால் பிரேக்குக்குப் போவதைப் பார்த்ததும் பரசுராமனின் வீம்பு போன இடம் தெரியவில்லை.

"பிரேக்கத் தொடாதம்மா. ஆக்சிலேட்டர மட்டும் விடு. நேரா புடி."

வேகம் குறைந்து வண்டி ஓரமாக நின்றது. கவிநிலா ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"பாதி தண்ணி ஆடும்னு உனக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்."

"அப்ப ஏம்பா சொல்லல?"

"ஜீப்பு செஞ்ச வேலைய இது செஞ்சிடக் கூடாதுனு இருந்துட்டேம்மா." சொல்லும்போதே அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் கோபப்படவில்லை. "நான் ஒருத்தி ஆபீசு போயி வர்றதுக்கு இவ்ளோ பெரிய வண்டி எதுக்குப்பா? ஜீப்பு நின்னுட்டா நீ ஒடஞ்சி போயிடுவனு அம்மா சொன்னா. டிரெய்லர் இழுக்கிற வண்டியா பாத்துப் பாத்து வாங்கினேன்."

பரசுராமன் இறங்கிப் போய்க் கொக்கியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து ஏறினார். அவள் இருபதைத் தாண்டாமல் ஓட்டினாள். ஒவ்வொரு வளைவிலும், "சரியாப் போறேனாப்பா?" என்று கேட்டாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோமோ என்று அவர் தலையை மட்டும் அசைத்தார்.