ஒட்டுகிற பதம்

செத்துப்போன கம்ப்யூட்டரைக்கூட எழுப்பிவிடுவேன். வீட்டுக்காரர்கள் கைவைத்த கம்ப்யூட்டரைத்தான் என்னால் சகிக்க முடியாது. ஆம்பூரில் பதினெட்டு வருஷமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மாதனூர் பிரிசில்லா அக்கா வீட்டுக் கேபினட்டைத் திறந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிராசசர்மேல் உட்காரும் ஃபேனின் உடைந்த காலை யாரோ ஷூ ஒட்டும் சொல்யூஷனால் ஒட்டியிருந்தார்கள்.

“எங்க வூட்டுக்காரருதான், முக்தார் பாய். கம்பெனியில இருந்து கொண்டாந்து ஒட்னாரு,” என்றார் அக்கா. அவர் கணவர் ஜீவரத்தினம் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டியவர். இறந்து நாலு வருஷம்.

பசை காய்ந்து பொரிந்து, ஃபேன் கழன்று தொங்கியது. அதனால்தான் மெஷின் ஆன் செய்த மூன்றாவது நிமிஷமே சூடேறி, நீலத் திரையில் எரர் காட்டி அணைந்தது. உள்ளே இருந்த ஒரே ஒரு வீடியோதான் அவர்களுக்கு வேண்டும். மகள் கிறிஸ்டினாவுக்கு என்றைக்காவது நடக்கப்போகும் கல்யாணத்துக்காக, படுத்த படுக்கையில் ஜீவரத்தினம் செய்த ஜெபம். புதன்கிழமை கல்யாணம். டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போகலாமென்றால், அந்தக் காலத்து டிஸ்க் என் கடை மெஷின் எதிலும் சேராது.

பழைய பசையை பிளேடால் சுத்தமாகச் சுரண்டினேன். கேபினட்டை மூடி, இடுக்கின்மேல் என் கடை ஸ்டிக்கரை ஒட்டினேன். “நாளைக்கு ஃபேனைப் பிடிக்கிற கிளிப் தேடி எடுத்தாறேன். யாரும் தொடாதீங்க,” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

கிளிப் வேலூரிலும் கிடைக்கவில்லை. மறுநாள் ஞாயிறு மதியம் வெறுங்கையோடு போனேன். டீ கொடுத்தார்கள். அக்காவும் கிறிஸ்டினாவும் நானும் அரைமணி நேரம் அந்தக் கம்ப்யூட்டர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தோம். பிறகு நானே ஸ்டிக்கரைக் கிழித்து மூடியைத் திறந்தேன். சொல்யூஷன் வாசம் குப்பென்று மூக்கில் ஏறியது.

உடைந்த காலிலும், அது உட்காரவேண்டிய இடத்திலும் புதுப் பசை தடவியிருந்தது.

“தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லியா? இன்னா விளையாட்டு இது?” என்று கத்திவிட்டேன். அக்கா மிரண்டுபோய்க் கர்த்தரைக் கூப்பிட்டார். கிறிஸ்டினா குனிந்து, விரலை மடக்கி அதன் பின்பக்கத்தால் பசையைத் தொட்டுப் பார்த்தாள். அவளும் ஷூ கம்பெனியில் ஒட்டுகிற செக்ஷன்தான்.

“பாய், தடவி பத்து நிமிஷம்தான் ஆவுது.”

பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஸ்டிக்கர் கிழியவில்லை. எழுந்து என் பையை எடுத்தேன். ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது, அதை மறைப்பானேன்.

“கையில ஒட்டாத பதம் வந்துடுச்சி. இப்பவே அழுத்தணும். வுட்டா காஞ்சிடும்,” என்றாள் கிறிஸ்டினா. “கம்பெனில தடவுறவங்க ஒருத்தர், அழுத்துறவங்க ஒருத்தர் பாய்.”

அவளே கட்டைவிரலை வைத்து அழுத்தி, இருபது வரை எண்ணினாள்.

ஆன் செய்தேன். மூன்று நிமிஷம் தாண்டியது. பத்தும் தாண்டியது. ஃபேன் கழலாமல் ஓடியது. வீடியோவை பென் டிரைவில் ஏற்றிவிட்டு, ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.

எலும்பும் தோலுமாக ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். “ஆண்டவரே, என் மகள் போய் வாழுற வீட்டுல உம்முடைய சமாதானம் தங்கட்டும்...” இருமல் வந்தது. அக்கா மவுஸைப் பிடித்தார்.

“இத்தோட முடிஞ்சிடும் பாய். இதுக்கு மேல அன்னிக்கு அவரால முடியல. எத்தினியோ தடவ பாத்துட்டேன். நிறுத்திடலாம்.”

நிற்கவில்லை. இருமல் அடங்கியது. அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“அவ பக்கத்துல நிக்க எனக்கு வாய்க்கல. எனக்குப் பதிலா நீர் நில்லும் ஆண்டவரே. ஆமென்.”

அக்காவின் கை மவுஸிலேயே உறைந்திருந்தது. கிறிஸ்டினா அழுதுகொண்டே, “ஆமென்ப்பா,” என்றாள்.

என்னையறியாமல் நானும் “ஆமீன்” என்றேன்.